விக்கலுக்கு ஒரு பேரு

தண்ணிய மூடி வை மொதல்ல. பாட்டில் பாட்டிலா குடிச்சா விக்கல் நிக்காது, அப்புறம் ஷிப்டு பூரா பாத்ரூம் போக ஆள் மாத்திவுடச் சொல்லிக் கெஞ்சிக்கினு இருப்ப. கொஞ்சம் தள்ளி ஒக்காரு, நானும் ஒக்காந்துக்கறேன். ஆமாம்மா, கம்பெனில எனக்கு இந்த ரூட்டு பஸ்ஸு இல்ல, வடக்குப்பட்டு ரூட்டுதான். இன்னிக்கு பென்னலூர் வந்து உங்க ஹாஸ்டல் ஸ்டாப்புல ஏறினேன். அத வுடு.

எம்பேரு ஜாஸ்மின். பேக்கிங்ல இருக்கேன். நீ கங்கா, அசெம்ப்ளி லைன். தெரியும்.

யாரோ நெனைக்கறாங்களா? சரி, அம்மா பேரு சொல்லிப் பாத்தியா? நிக்கல. தங்கச்சி பேரு? அதுக்கும் நிக்கல. பேரு சொன்னா நிக்கும்ங்கறதெல்லாம் சும்மா. காலங்காத்தால ஊர்ல இருக்கறவங்களுக்கு உன்ன நெனைக்கறதுதான் வேலையா? மூச்சுதாம்மா மேட்டரு. வயித்துக்கு மேல ஒரு சதை கீது, அது துள்ளுது. அத அடக்குனா போதும்.

கண்ண மூடு. மூக்கால மெதுவா இழு. வயிறு உப்பணும், தோள் தூக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம். ம், அப்படியே புடி. வருமோ வருமோன்னு பயப்படாத, பயந்தா வரும். மனசுல ஒரே ஒரு மொகத்த நிறுத்திக்கோ. அதையே பாத்துக்கினு இரு. யாரு மொகம்னு நான் கேக்க மாட்டேன். நீ பேசாத, நான் பேசிக்கறேன்.

நேத்தும் லைன்ல உனக்கு விக்கலாமே? ஸ்க்ரூ போடச்சொல்ல கை துள்ளி சர்க்யூட் போர்டுல கீறல் வுழுந்துச்சாமே? எல்லாரும் சிரிச்சாங்களாம். ஒருத்தன் மட்டும் தண்ணி பாட்டிலத் தூக்கிக்கினு லைனுக்குள்ளயே ஓடியாந்தானாம். போர்டு கிட்ட சொட்டுத் தண்ணி வரக் கூடாதுன்னு நேத்து சேந்தவனுக்குக் கூட தெரியும், இவனுக்குத் தெரியாதா? சூப்பர்வைசர் முனிரத்தினம் சாரு எல்லார் எதிர்லயும் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாராம். எனக்கு எப்படித் தெரியும்னா... ஏய், கண்ணத் தொறக்காத! பேக்கிங்குக்கு எல்லா சேதியும் வரும்.

இப்ப வுடு. சூடான டீய ஊதற மாதிரி, வாயால, மெதுவா. பாத்தியா? வல்லம் வடகால் ஸ்டாப்பே இன்னும் தாண்டல, உன் விக்கல் நின்னுபோச்சு.

இன்னா சிரிப்பு? யாரு மொகம் வந்துச்சு?

கேக்க மாட்டேன்னு சொன்னேன்தான். ஆனா அதக் கேக்கத்தானே பஸ்ஸு மாறி வந்தேன். பாட்டிலோட ஓடியாந்தானே டெனிசன், அவன் என் தம்பி. கூடப் பொறந்தவன். திங்கக்கெழமைலேந்து அவன புனே பிளான்ட்டுக்கு மாத்தறாங்க. போறதுக்குள்ள உங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தவிக்கறான், வாய் வரல. சோறு எறங்கல. நான் போய்க் கேக்கறேன்டான்னுட்டு வந்துட்டேன். புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிடு கண்ணு, தப்பே இல்ல. நான் பக்குவமா சொல்லிக்கறேன். நாளைக்கும் உன்ன பாத்தா சிரிப்பேன். சர்ச்சு, கோயிலுன்னு மட்டும் யோசிக்காத, எங்கம்மாவ நான் பாத்துக்கறேன்.

ஏசப்பா! மறுபடியும் விக்கலா?

வேணாம், வேணாம், மூச்செல்லாம் இழுக்காத. பேரு சொல்லிப் பாரு. அதெல்லாம் சும்மான்னு சொன்னேன்தான், இப்ப நானே சொல்றேன், சொல்லு. அம்மா பேரு வேணாம், தங்கச்சி பேரு வேணாம், புதுசா ஒண்ணு. பஸ்ஸு போடற சத்தத்துல யாருக்குக் கேக்கப் போவுது?

எனக்குக் கேட்டுச்சு. விக்கல் நின்னுச்சா இல்லியா, அத மட்டும் சொல்லு.