நாலாம் பதிப்பின் மூன்றாவது பிழை

மில்லில் நான் யாரையும் கடிந்து பேசியதில்லை சார். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எங்கம்மாவும் பஞ்சு சுமந்துதான் என்னைப் படிக்க வைத்தாள்.

ராஜபாளையத்தில் எங்கள் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் பத்து கார்டிங் மெஷின்களை ஓட்டுவது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுவது. யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கொரு பதிப்பு வரும், அதை மெஷின்களில் ஏற்றிப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொன்றிலும் எத்தனை பிழை, எந்த வாரம் என்று குறித்து வைப்பேன். ஒரு பதிப்பில் தப்பித்த பிழை அடுத்ததற்குள் குடியேறும். புதிதாக எழுதுகிறவர்கள் தங்கள் பங்குக்குச் சேர்ப்பார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு சூத்திரம் போட்டேன். முதல் பதிப்பில் பத்தொன்பது, அடுத்து பதினொன்று, பிறகு ஆறு. நாலாவதில் இரண்டுதான் வரும் என்றது சூத்திரம். முதல் மாதமே இரண்டும் வந்தன, திருத்தியாயிற்று.

அதன் பிறகுதான் பாண்டிசெல்வி அக்கா வந்தார். தளவாய்புரத்திலிருந்து மில் பஸ்ஸில் வருகிறவர், கார்டிங்கில் பதினாலு வருஷம். ஓடுகிற மெஷினை நிறுத்தினால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார் என்பதால், கரண்ட் போகிற நேரம் பார்த்துக் கதவைத் திறந்து கழிவுப் பஞ்சை எடுப்பது இவர்கள் வழக்கம். கரண்ட் போனாலும் உள்ளே முள் உருளை ஐந்து நிமிஷம் சுற்றும். அது நிற்கும்வரை மென்பொருள் கதவுப் பூட்டை விடக்கூடாது.

“ஏலே மாரீசு, ஜெனரேட்டர் எடுத்ததும் கதவு தானா விட்டுருது. உள்ள உருளை சுத்திக்கிட்டுல்லா கெடக்கு.”

“நீங்க அவசரப்பட்டு இழுத்திருப்பீக யக்கா.”

“ஆமா, ஒன் கம்ப்யூட்டரு பச்சப்புள்ள, நான்தான் கிள்ளிவிட்டேன். செத்த நேரம் வந்து பாருலே.”

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கரண்ட் போய் வந்ததும் மென்பொருள் புதிதாக எழும். எழுந்ததும் உருளை நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு பூட்டை விட்டுவிடும். சோதித்துப் பார்க்கிற வெளிநாட்டுக்காரர்களுக்குக் கரண்ட் போவதில்லை. அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கருத்தரங்கில் பதிப்புக்குப் பதிப்பு பிழை குறைவதைக் காட்டும் என் வரைபடத்தைக் காட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது பிழையை எழுதினால் கோடு கெட்டுவிடும். இரண்டு என்று நானாகவா சொன்னேன்? மூன்று பதிப்பின் எண்கள் சொன்னவை. நான் என்ன செய்ய முடியும்? பதிவில் ‘ஆபரேட்டர் தவறு’ என்று எழுதி மூடினேன். இந்தப் பிழை இல்லாத பழைய பதிப்பைத் திரும்பப் போட அரை மணி நேரம் போதும். போட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

வியாழக்கிழமை டீ நேரத்தில் அவரிடம், “சரி பண்ணியாச்சு யக்கா, தைரியமாத் தொறங்க” என்றேன். இல்லாவிட்டால் ஷிப்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

“நல்லாருப்ப,” என்றார்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. நான் மேடையில் இருந்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. “சரி பண்ணியாச்சுன்னியேலே,” என்று கேட்டார். ஆமாம் என்றேன், உருளை நிற்குமுன் இழுத்திருப்பீர்கள் என்றேன்.

“அம்புட்டு அவசரமாவா இழுத்தேன்,” என்றார். பிறகு, “இருக்கும்.”

கவனக்குறைவு தன்னுடையது என்று மில்லில் எழுதிக் கொடுத்த தாளில் இடது பெருவிரலை வைத்தார். மைப்பெட்டியை நான்தான் பிடித்துக்கொண்டேன், அவரால் முடியவில்லை.

பத்து மெஷினும் இன்றைக்கும் நாலாம் பதிப்பில்தான் ஓடுகின்றன. மூன்றாவது பிழை என்று இதுவரை ஒன்றும் பதிவாகவில்லை சார். நீங்களே பாருங்கள்.