கண்டல் காட்டை அளக்க வந்தவர்

அந்தப் பையை மடியில வெச்சுக்கோங்க தம்பி, படகு அடியில தண்ணி ஊறும். என்ன இருக்கு அதுல? நாடா, நோட்டு, அப்புறம்? சும்மாதான் கேட்டேன். இந்த முயிஸ்னே தீவுல எறங்கினதுமே எர்லிண்டா வீடு எதுன்னு என் பேரைச் சொல்லியே விசாரிச்சீங்களாம். பேரைச் சொல்லி அனுப்பினது யாருன்னுதான் சொல்ல மாட்டேங்கறீங்க.

புகையா? கொசுவுக்கு. இந்தத் தேங்கா மட்டை புகையலேன்னா இந்நேரம் உங்க மூஞ்சி வீங்கியிருக்கும்.

உப்புத்தண்ணியில நிக்கற இந்தக் கண்டல் மரத்தை அளந்து என்ன பண்ணுவீங்க? ம்... வேருக்கு அடியில இருக்கற சேறு காத்துல இருக்கற கரியை எவ்வளவு பிடிச்சு வெச்சிருக்குன்னு பாக்கவா. சரி. பாத்துட்டா காட்டை யாரும் தொட மாட்டாங்களா? கேக்க நல்லாத்தான் இருக்கு. அவரும் நல்லாத்தான் பேசினாரு.

எவரா? வில்ஃப்ரீதோன்னு ஒருத்தரு. இருபத்திரெண்டு வருசம் இருக்கும். இதே மாதிரி நாடாவோட வந்தாரு. தங்கமான மனுசன். தேங்காப்பால்ல வெச்ச மட்டிச் சிப்பிக் குழம்பை எங்க வீட்டுல ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. எந்த ஓடை எங்க போய் முட்டுது, எங்க மேடு, எங்க பள்ளம்னு ஒண்ணு விடாம எழுதிக்கிட்டாரு. மழை வர்றதுக்குள்ள மண்ணு வெட்டற வண்டி வந்துருச்சு. கடல் பாத்த பக்கம் பூரா மரத்தைச் சாச்சு, கரை கட்டி, இறால் குளம் ஆக்கிட்டாங்க. நாங்க சேத்துல தோள் வரைக்கும் கையை விட்டு மட்டி எடுத்த எடத்துல ஒருத்தன் துப்பாக்கியோட நின்னான். கால் வெச்சா சுடுவேன்னான்.

அதையாவது பொறுத்துக்கிட்டோம். அடுத்த வருசம் கடல் பொங்குச்சு. காடு மிச்சம் இருந்த பக்கம் கொடியில கெடந்த துணிகூட நனையல. குளம் வெட்டின பக்கம் பதினோரு வீடு போச்சு. எங்கக்கா நெல்பா வீடும் அதுல ஒண்ணு. அவ மூணாம் நாள்தான் கெடைச்சா. இறால் வலையில சிக்கிக் கெடந்தா.

அழலையே. புகை.

இதை எதுக்கு எழுதறீங்க? பேனாவை மூடுங்க மொதல்ல. மூடிட்டீங்களா? சரி.

நீங்க அந்த மாதிரி ஆளு இல்லன்னு சொல்றீங்க. இருக்கலாம். உங்க கண்ணுல கள்ளம் ஒண்ணும் தெரியல. அவரு கண்ணுலயும் தெரியல, அதான் பயமா இருக்கு.

என்னது, அந்தச் சாஞ்ச மரத்தை ஏற்கெனவே பாத்த மாதிரி இருக்கா? இருக்கும். இது மூணாந்தடவை. காலையில இருந்து ஒரே ஓடையிலதான் சுத்திக்கிட்டு இருக்கோம். உள்ள இருக்கற காட்டை நீங்க இன்னும் பாக்கவே இல்ல. நான் காட்டவும் போறதில்ல. கோவிச்சுக்காதீங்க. தண்ணி எறங்கறதுக்குள்ள உங்களைக் கரையில விட்டுடறேன்.

அன்னைக்கு அவருக்கு வழி காட்டினது யாருன்னு ஊர்ல இன்னைக்கும் பேசிக்கறாங்க. நெல்பா புள்ளைங்ககூட என்கிட்டதான் வந்து கேக்குதுங்க. தெரியலம்மான்னுடுவேன்.

அன்னைக்கும் இதே படகுதான் தம்பி. துடுப்பை மட்டும்தான் மாத்தினேன்.