குண்டோடு போட்ட தாலி

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் கொமுட்டர் ரயில். எதிர் சீட்டில் அக்காவும் தங்கச்சியும். தங்கச்சியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது.

“தாலிச் செயினைத் தண்ணியில போட்டுப் பார்த்தேன்கா. அது தங்கமே இல்ல.”

நான் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் அங்கே போய்விட்டது.

“தண்ணியில போட்டா எப்படிடி தெரியும்?”

“ஸ்கூல்ல படிச்சதுதான். செயினோட எடையை, ஏறுன தண்ணியோட அளவால வகுக்கணும். நைன் ஒன் சிக்ஸ் தங்கம்னா பதினேழுக்கு மேல வரணும். பன்னெண்டுகூட வரல. என் வீட்டுக்காரரு பாலிஷ் போட்டுட்டு வரேன்னு எடுத்துட்டுப் போயி மாத்திட்டாருக்கா.”

அக்கா அவள் பக்கம் சாய்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“தாலிக் குண்டெல்லாம் கழட்டிட்டா போட்ட?”

“இல்லையே. அப்படியேதான் போட்டேன்.”

“குண்டுக்குள்ள அரக்குதான் லா இருக்கும்! அரக்குல என்ன பெரிய எடை? தண்ணிய மட்டும் ஏத்தி விட்டுடும். அதான் தங்கமா இருந்தும் உன் கணக்கு கொறஞ்சிருக்கு.”

தங்கச்சி கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அவரும் குண்டு குண்டுன்னு என்னமோ கத்துனாரு. நான் பேசவே விடல.”

“சரி, உடனே போன் போடு. இப்ப எங்க இருக்காரு?”

“போலீஸ் பாலாய்ல உட்கார வச்சிருக்காங்கக்கா. காலையில நான்தான் ரிப்போர்ட் குடுத்தேன்.”