ஒரே ஒரு சுற்று

என் பெயரும் முகவரியும் மேலே குறித்துள்ளபடி சரி. வயது முப்பத்தாறு. உடற்பயிற்சிக் கூடத்தில் காலை வகுப்புப் பயிற்சியாளராக ஏழு வருடமாக வேலை செய்கிறேன். இறந்துபோனவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், வயது அறுபத்தொன்று. அவரை டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

என் வகுப்பில் நாற்பது விநாடி வேகப் பயிற்சி, இருபது விநாடி ஓய்வு. அவரவர் உடம்புக்குத் தக்கபடி பயிற்சியை மாற்றிக் கொடுப்பேன். டிரைவர் அண்ணனுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்ததால், மற்றவர்கள் குதிக்கும்போது அவர் நின்ற இடத்திலேயே நடப்பார். மற்றவர்கள் தரையில் தண்டால் எடுக்கும்போது அவர் சுவரில் கையூன்றி எடுப்பார். பேசுவதற்கு மூச்சு மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு நான் வைத்த அளவு. அதனால் ஓயாமல் பேசுவார். "அடுத்த ஸ்டாப்பிங் இறங்குறவங்க முன்னால வாங்க" என்று எல்லோரையும் சிரிக்க வைப்பார்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி வகுப்பில் ஜோடி பிரித்தபோது அவரோடு சேர ஆள் இல்லை. அதன் பிறகு அவர் என்னிடம் வந்து, "ஏம்மா, சுவருக்கு முட்டுக் கொடுக்கவா நான் வர்றேன்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "சரிண்ணே, ஒரே ஒரு சுத்து எல்லாரோடயும் செய்ங்க" என்று சொன்னேன். அதன் பிறகு அவர் நடுவில் போய் நின்று குதித்தார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பாதியிலேயே அவர் பேச்சு நின்றுவிட்டது. மும்முரமாகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மணி அடித்ததும் முழங்காலில் கையூன்றிக் குனிந்தவர் அதன் பிறகு நிமிரவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை பதினொரு நிமிடம் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன்.

அவராகவே இஷ்டத்துக்குச் செய்தார் என்று கூடத்தின் முதலாளி காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். காமிராவில் படம் மட்டுமே பதிவாகும். பாட்டுச் சத்தத்தில் நான் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. மறுநாளே வகுப்பு நடந்தது. இப்போதெல்லாம் யாராவது பேச்சை நிறுத்தினால் என் கை தானாகப் பாட்டை நிறுத்திவிடுகிறது.

நேற்று அவர் மனைவி வந்து அவருடைய பையையும் துண்டையும் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு, "வீட்டுல கூட நீ சொன்ன அளவுக்கு மேல ஒண்ணு செய்ய மாட்டாரும்மா. அன்னைக்கு மட்டும் ஏன் உன் பேச்சை மீறினாரு?" என்று கேட்டார். வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் மீறவில்லை. இதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக நிலையத்துக்கு வந்தேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)