டுப்பன் பேசும் நேரம்

ஜன்னலைப் பார்த்து மேசை போடக்கூடாது என்பது என் கட்சி. தெருவில் ஒரு நாய் குறுக்கே போனால் போதும், அரைப் பக்கம் போய்விடும். அதனால் என் மேசை சுவரைப் பார்த்து இருக்கிறது. அறையைப் படம் எடுக்க வந்த உங்கள் ஆள், "எழுத்தாளர் ரூம்னா புத்தகமா அடுக்கியிருக்கும்னு நெனச்சேன்" என்றார். பாவம், அவருக்கு ஏமாற்றம். ஒரு மேசை, கைப்பிடி இல்லாத நாற்காலி, பிளாஸ்கில் தேநீர், சீவிய பென்சில் ஆறு, கோடு போட்ட நோட்டு. இடது கைப்பக்கம் சுவரோடு சேர்த்துக் கட்டிய மர அலமாரி. என் தொழிலுக்கு இவ்வளவுதான் வேண்டும்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கு நீங்கள் சம்மதித்தது பெரிய உதவி, மேடம். உங்கள் எழுத்தர் வேகமாகத்தான் எழுதுகிறார், ஆனால் எதைச் சொன்னாலும் அவர் பாஷைக்கு மாற்றிவிடுகிறார். "குழந்தையை அடைத்து வைத்திருந்ததாக" என்று எழுதியிருந்தார். நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. நடுநடுவே நிமிர்ந்து என் முகத்தை வேறு பார்த்தார், அழுகிறேனா என்று. அழுகை வரவில்லை. வரவேண்டும் என்று எனக்கும் தெரியும். உடம்பு முழுக்க மரத்துப்போய்க் கிடக்கிறது, பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி.

வரிசையாகவே சொல்கிறேன். முப்பது வருடமாகக் குழந்தைகளுக்கு எழுதுகிறேன். காலை எட்டு மணிக்குத் தம்பி தொழிற்சாலைக்குக் கிளம்பிவிடுவான். பாத்திரம் கழுவி, துணுக்குக்குத் தலை வாரிவிட்டு, ஒன்பது மணிக்கு அறைக்கு வந்துவிடுவேன். பென்சில் சீவப் பத்து நிமிடம். முந்தின நாள் எழுதியதை வாய்விட்டுப் படிக்க அரை மணி. ஒன்பது நாற்பதுக்கு வேலை தொடங்கும். காய்ச்சலோ தலைவலியோ, இது மாறியதில்லை.

துணுக்கு என்பது தம்பியின் மகள். ஐந்து வயது. முழுதாக ஒரு வாக்கியம் பேசப் பொறுமை கிடையாது, துண்டு துண்டாகத்தான் பேசுவாள், அதனால் நான் வைத்த பெயர். அவள் அம்மா இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது. தம்பி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "அக்கா, கொஞ்ச நாளைக்கு" என்றான். கொஞ்ச நாள் மூன்று வருடம் ஆனது. நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

அதுவரை என் புத்தகங்கள் எப்படி இருந்தன என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். சப்பென்று இருந்தன. நூலகங்கள் வாங்கின, பிள்ளைகள் தொடவில்லை. என் பதிப்பாசிரியர் நல்ல மனிதர், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். "உங்க கதையில வர்ற பிள்ளைங்க எல்லாம் ரிட்டயர் ஆனவங்க மாதிரி பேசுதுங்கம்மா" என்றார் ஒருமுறை. நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவர் சொன்னது சரிதான். நான் பிள்ளையாக இருந்தபோதே அப்படித்தான் பேசினேன் என்று எங்கள் அம்மா சொல்வாள்.

அலமாரியை ஆரம்பித்து வைத்தது துணுக்குதான். இதைக் கொஞ்சம் அழுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்த்தட்டில் பழைய காகிதக் கட்டுகள் வைத்திருந்தேன். ஒருநாள் அவற்றைத் தள்ளிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கவனிக்காததுபோல எழுதிக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் உள்ளே பேச்சு கேட்டது.

"டுப்பா, தள்ளி உக்காரு. காலு இடிக்குது... அழாத டுப்பா. அத்தை எழுதறாங்க. எழுதி முடிச்சதும் கதவு வரும்."

கதவு வரும். முப்பது வருடம் தலைகீழாக நின்றாலும் எனக்கு அப்படி ஒரு வரி வந்திருக்காது. எழுதி வைத்துக்கொண்டேன். யார் அந்த டுப்பன் என்று கேட்க ஆசைப்பட்டுக் கதவைத் திறந்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று முழுக்க டுப்பனைப் பற்றி ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: உள்ளே பேச்சு நடக்கும்போது கதவைத் திறக்கக்கூடாது.

அடுக்களையில் முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் சின்ன மணி ஒன்று உண்டு, திருகிவிட்டால் நேரம் முடிந்ததும் கிர்ரென்று அடிக்கும். அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். தினமும் நாற்பது நிமிடம். துணுக்குக்கு அதைத் திருகுவது பிடிக்கும், தானே திருகிவிட்டு உள்ளே போவாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு எழுதுவேன். அடித்ததும் கதவைத் திறந்து, பிஸ்கட் கொடுத்து, எழுதியதைப் படித்துக் காட்டுவேன். "இது டுப்பன் சொன்னது" என்பாள். "ஆமாண்டி செல்லம், டுப்பன்தான் சொன்னான்" என்பேன்.

டுப்பன் புத்தகம் வந்தது. பதிப்பாசிரியர் போனில், "இப்பதாங்கம்மா பிள்ளை பேசுது" என்றார். என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பிள்ளைகளிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு பையன் டுப்பனுக்கு ஒரு ஜோடி காலுறை அனுப்பியிருந்தான். அந்தக் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். அப்போதெல்லாம் அழுகை வந்தது.

ஏழெட்டு மாதத்தில் துணுக்குக்குச் சலித்துவிட்டது. "இன்னிக்கு வேணாம் அத்தை" என்று ஆரம்பித்தாள். அந்த நேரத்தில்தான் அலமாரிக்கு வெளிப்பக்கம் ஒரு கொக்கி போட்டேன். தரை ஒருபக்கம் சரிவு, கதவு தானாகத் திறந்துகொள்ளும், காரணம் அவ்வளவுதான்.

மேலே உள்ள வரி பொய். அடித்தல் திருத்தல் கூடாது என்று நீங்கள் சொன்னதால் அப்படியே விடுகிறேன்.

கொக்கி போட்ட முதல் நாள் அழுதாள். அழுகையால் எனக்குப் பிரயோஜனம் இல்லை. அழுகிற பிள்ளை புதிதாக எதுவும் சொல்வதில்லை, எல்லாப் பிள்ளைகளும் சொல்வதைத்தான் சொல்லும். அழுது ஓய்ந்த பிறகு வந்ததுதான் பேச்சு. அதற்கு முன்பு டுப்பன் வெறும் விளையாட்டுத் தோழன். இப்போது அவன் இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்தான், சத்தம் போடாமல் இருமக் கற்றுக்கொடுத்தான், மணிக்குக் காது கேட்காது என்று சொன்னான். இரண்டாவது புத்தகம் முதல் புத்தகத்தைத் தூக்கிச் சாப்பிட்டது. மூன்றாவது அதைவிட. மூன்றையும் துணுக்குக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறேன், முதல் பக்கத்தைப் பாருங்கள்.

அவளுக்கு இழுப்பு உண்டு. தூசி பட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். "அக்கா, இழுப்பு வந்தா இந்தப் பம்ப்பை வாயில வெச்சு ரெண்டு தடவ அழுத்து. அப்புறம் பாத்துக்கலாம்னு மட்டும் விட்டுடாத" என்று தம்பி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். பம்ப்பை மேசையிலேயே, பென்சில் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். காகிதக் கட்டுகளை எடுத்துவிட்டு, அலமாரியை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, உள்ளே தலையணையும் போட்டேன். இரண்டு தடவை உள்ளே இருக்கும்போதே அவளுக்கு இழுப்பு வந்தது. இரண்டு தடவையும் உடனே கதவைத் திறந்து பம்ப்பை அழுத்தினேன், சரியாகிவிட்டது. அந்த இரண்டு நாளும் வேலை கெட்டுப்போனது.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிடும்போது சொன்னான். "அக்கா, என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை கெளம்பறோம். அங்கேயே இவளைப் பள்ளிக்கூடத்துல சேத்துடறேன். உனக்கும் கொஞ்சம் ஓய்வு."

நான் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

"இவ வரவர பேசவே மாட்டேங்கறா, கவனிச்சியா?" என்றான். "விளக்கை அணைச்சா அலறறா. டாக்டர்கிட்ட காட்டணும்."

"வளர்ற பிள்ளைங்க அப்படித்தான் இருக்கும்டா" என்றேன்.

எனக்கு அப்போது பயம் வந்தது. பெற்ற பிள்ளையைப் பிரிவதுபோல என்று தம்பி நினைத்துக்கொண்டு, என் தோளைத் தட்டிக்கொடுத்தான். நான் பயந்தது என் பழைய எழுத்தை நினைத்து. நான்காவது புத்தகத்தில் கடைசி அத்தியாயம் பாக்கி. அதைத் துணுக்கு இல்லாமல் எழுதினால் டுப்பனும் ரிட்டயர் ஆனவன் மாதிரி பேசத் தொடங்கிவிடுவான்.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் உள்ளே சத்தமே இல்லை. நாற்பது நிமிடமும் நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெறும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பிஸ்கட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வாள், சாப்பிடமாட்டாள். எனக்குக் கோபம் வந்தது என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

வியாழக்கிழமை ஒன்பது நாற்பதுக்குக் கொக்கியை மாட்டி, மணியைத் திருகினேன். அவள் திருகுவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. பத்து மணிக்கு மெதுவாக, "டுப்பா, நீயாவது போயிடு" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எழுதினேன். அடுத்தபடி ஒரு புதுச் சத்தம், மெல்லிய சீழ்க்கை மாதிரி, நீளமாக, விட்டு விட்டு. "டுப்பன் சீழ்க்கை அடிக்கிறான்" என்று எழுதினேன். நோட்டில் நீங்கள் படித்திருப்பீர்கள்.

பத்து இருபதுக்கு மணி அடித்தது. நான் கை நீட்டி மறுபடி நாற்பதுக்குத் திருகினேன்.

"அத்தை, பெல்லு அடிச்சிருச்சு" என்றாள். அது டுப்பனின் பேச்சு இல்லை என்பதால் எழுதவில்லை. கதவை மூன்று தடவை தட்டினாள், பலமாக இல்லை. பிறகு, "டுப்பனுக்கு மூச்சு வரல" என்றாள்.

நான்கு புத்தகத்திலும் அவள் சொன்னதில் அதுதான் மிகச் சிறந்த வரி. அத்தியாயம் அந்த இடத்தில்தான் முடியவேண்டும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கீழே கோடு போட்டேன். அதற்கு முன்னால் வரவேண்டிய பக்கங்கள் கடகடவென்று ஓடிவந்தன. அவ்வளவு வேகமாக நான் எழுதியதே இல்லை. பதினோரு மணிக்கு மணி அடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொக்கியை எடுத்தேன்.

அந்தச் சீழ்க்கை என்னவென்று எனக்குத் தெரியாது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். தெரியும். முதல் தடவை கேட்டபோதே தெரியும். இழுப்பு எப்படி இருக்கும் என்று மூன்று வருடமாகக் கேட்டவள் நான். நடுவில் பென்சில் மழுங்கியது. வேறு பென்சில் எடுக்கப் போனபோது பம்ப் கையில் பட்டது. அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, புத்தி பேதலிக்கவும் இல்லை. கதவைத் திறந்தால் பேச்சு நின்றுவிடும், அதனால் திறக்கவில்லை.

தம்பி என்னைப் பார்க்க மறுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்கச் சொன்னானாம், பிள்ளை கடைசியில் தனியாகக் கிடந்தாளா என்று. இல்லை என்று அவனிடம் சொல்லுங்கள், மேடம். ஒரு நிமிடம்கூட அவள் தனியாக இல்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டு, நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.