பன்னெண்டாவது கிளப்

முட்டியை மடக்கினா வலிக்கலை டாக்டர். சத்தம் மட்டும் வரும், எண்ணெய் போடாத கதவு மாதிரி. வீக்கமா? எங்க... சரி, ஒத்துக்கறேன். நேத்து வேற ஒருத்தர்கிட்ட போய், ஊசி போட்டு நீரை எடுத்துட்டுத்தான் வந்தேன். கோவிச்சுக்காதீங்க. கிளப் மாறுறவங்க எல்லாரும் பண்றதுதான். நல்ல காலை மொதல்ல நீட்டுறதும் அப்படித்தான்.

பதினாறு வருஷமா ஃபுட்பால் ஆடறேன், இது பன்னெண்டாவது கிளப். எங்கயாவது ஒரு ஃபார்வர்டுக்கு அடிபட்டா என்னைக் கூப்பிடுவாங்க. அவன் தேறி வந்ததும் நான் பொட்டியக் கட்டணும். பழைய கிளப்புக்கு எதிரா கோல் போட்டா குதிக்கக்கூடாது, கையை ஒசத்திக்கிட்டு மன்னிப்புக் கேக்குற மாதிரி நிக்கணும். எங்க தொழில்ல அது ஒரு மரியாதை. எனக்குத்தான் எதிர்ல வர்றதெல்லாம் பழைய கிளப்பாச்சே! கோல் போட்டுக் குதிச்சே நாலு வருஷம் ஆகுது. சிரிங்க, பரவாயில்ல.

ஆடத் தகுதின்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க டாக்டர். இல்லேன்னா சாயங்காலமே அனுப்பி வெச்சிடுவாங்க. முப்பத்தஞ்சு வயசுக்காரனுக்கு இனிமே எவன் போன் பண்ணப் போறான்?

ஐயோ, ஓடப் போறது யாரு? கோச் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு, பெஞ்சுலதான் உக்காரணும்னு. எனக்கு அது போதும்.

ஏன்னா... என் பொண்ணு இந்த ஊர்லதான் இருக்கா. பதினோரு வயசு. கோர்ட்டுல எனக்கு மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை குடுத்தாங்க. எங்களுக்கு மேட்ச்சே ஞாயித்துக்கிழமைதானே? வரேன் வரேன்னு சொல்லி ஏழெட்டுத் தடவை போகலை. அப்புறம் அவளே வேணாம்னுட்டா. ஜட்ஜும் பிள்ளை இஷ்டம்னுட்டாரு.

அவ அம்மா கட்டிக்கிட்டவருக்கு இந்தக் கிளப்னா உசுரு. நல்ல மனுஷன், குத்தம் சொல்ல முடியாது. இங்க மேட்ச்னா அவளையும் கூட்டிட்டு வந்துடுவாரு. எங்க பெஞ்சுக்கு நேர் எதிர்ப்பக்கம், மூணாவது வரிசை.

டிக்கெட்டா? அதையும் பாத்துட்டேன் டாக்டர். போன வாரம் டிக்கெட் எடுத்து, நாலு வரிசை தள்ளி உக்காந்தேன். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கா, யாரும் எங்கிட்டச் சொல்லலை. சட்டுன்னு திரும்பினவ என்னைப் பாத்துட்டா. பாதி மேட்ச்சுலயே எந்திரிச்சுப் போயிட்டா.

பெஞ்சுன்னா அந்தப் பயம் இல்ல. பெஞ்சுல இருக்கிறவனை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, எனக்கு நல்லாத் தெரியும்.