தாழிக்குழித் தண்ணீர்

எனக்கு வெளியில் தண்ணீர் குடிக்கிற பழக்கம் கிடையாது. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கூஜாவில் கொண்டுபோவேன். விஷயம் இவ்வளவுதான் ஐயா. நீங்கள்தான் இதை விசாரணை வரைக்கும் இழுத்துவிட்டீர்கள்.

ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் முதுமக்கள் தாழிகள் இருந்தன. தோண்டி எடுத்தால் கெட்டுவிடும், மண்ணிலேயே இருக்கட்டும் என்று எங்கள் தொல்பொருள் இலாகா முடிவு செய்தது. பக்கத்தில் ஒரு குழாயை இறக்கினார்கள். வருடம் ஒருமுறை அதிலிருந்து தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, மண்ணுக்குள் என்ன மாறுகிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டியது என் பொறுப்பு.

எழுபத்தாறில் நியாயமாகத்தான் செய்தேன். தண்ணீர் மஞ்சளாக வந்தது, அப்படியே அனுப்பினேன். பதினான்கு கேள்வி கேட்டு மெமோ வந்தது. மறு வருடம் கூஜாத் தண்ணீரைப் புட்டியில் ஊற்றி அனுப்பினேன். ஒரு கேள்வியும் இல்லை. பதிவேட்டில் ‘மாற்றமில்லை’ என்று எழுதினேன். மேலதிகாரி என் கையெழுத்தைப் பாராட்டினார். அப்படியே வருடங்கள் ஓடின.

குழாயிலிருந்து முப்பதடி தள்ளி ஷஹீன் பானுவின் வீட்டுக் கிணறு. எண்பத்துநாலில் அந்தம்மா என்னை நிறுத்திக் கேட்டார்.

"கோதண்டபாணி சார், தண்ணி மஞ்சளா வருது. தோல் டேனரி கழிவு வர்ற கால்வாயை மூடச் சொல்லி மனு குடுத்தோம். உங்க புக்குல இருக்கறதுதான் சாட்சின்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இன்னா எழுதியிருக்கீங்க?"

"ஒண்ணும் மாறலைன்னுதாம்மா."

"அப்போ குடிக்கலாமா? புள்ளைக்கு வயித்துவலி ஜாஸ்தியா இருக்குது."

"கவர்மென்ட் புக்கு பொய் சொல்லுமாம்மா?"

அவர் முகம் தெளிந்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஒருவருக்கு நிம்மதி தருவது சின்ன விஷயமா? நன்றியோடு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார். வேண்டாம் என்றேன், கையில் கூஜா இருந்தது.

மனு தள்ளுபடியானது. அடுத்த வருடம் அவர் மகள் முனவ்வர் இறந்தாள். ஏழு வயது. மையத்து வீட்டுக்குப் போனேன். மனது கஷ்டமாகத்தான் இருந்தது. அங்கேயும் தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கவில்லை.

இப்போது நீங்கள் தாழியைத் திறந்து பார்த்து, எலும்பெல்லாம் பச்சைக் கூழாகிவிட்டது, கிணற்றிலும் அதே விஷம் என்கிறீர்கள். தெரிந்தேதான் எழுதினாயா என்று கேட்கிறீர்கள். தெரியும் ஐயா. முதல் வருடம் அந்த மஞ்சளைப் பார்த்த நாளிலிருந்தே தெரியும்.

ஆனால் நான் அனுப்பிய தண்ணீரில் ஒரு குறையும் கிடையாது. ஒன்பது வருடச் சான்றிதழ் இருக்கிறது. சந்தேகமென்றால் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள்.